தெய்வானையின் மூச்சும் என் புறாக்களும்

எங்கள் ஊர் பதுளைக்கு ரயில் வராத காலம். என் மூத்த மகள் தெய்வானைக்கு ஐந்து வயதில் இழுப்பு வந்தது. ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் விடாது. நெஞ்சு குழிந்து எழும்பும். உதடு நீலமாகும். முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. வீட்டின் முன்னால் இருந்த எங்கள் துணிக்கடையில் ஆட்கள் கூப்பிடுவார்கள். அடுக்களையில் சின்னவர்கள் இருவரும் பசியில் அழுவார்கள். யாரிடம் போவது என்று தெரியாமல் என் மனைவி மீனாட்சி நடுவில் நிற்பாள். அடியார்களே, மூன்று வருடம் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

எனக்கு இருந்த ஒரே ஆசை புறா வளர்ப்பது. பன்னிரண்டு புறாக்கள். ஓட முடியாத தெய்வானைக்கும் அவைதான் விளையாட்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். மழையில் நனையக்கூடாது என்று கூண்டுகளை அவள் படுக்கும் அறையிலேயே வைத்தேன். பிள்ளையும் சந்தோஷப்பட்டாள்.

வைத்தியர் கொடுத்த கஷாயம், தைலம் எதுவும் கேட்கவில்லை. தைப்பூசத்தன்று முருகன் சந்நிதியில் விழுந்தேன். "அப்பனே, என்னால முடியல. ஒரு வழி காட்டு" என்றேன்.

அந்த வாரமே கொஸ்லந்தையில் தோட்டத்துக் கங்காணியாக இருந்த என் மச்சான், தன் மகளின் சடங்குக்கு வண்டி அனுப்பினார். குளிரில் பிள்ளையை அனுப்பப் பயம்தான். ஆனாலும் மீனாட்சி மூன்று பிள்ளைகளோடும் போனாள். பத்து நாள் கழித்துச் சடங்குக்கு நான் போனபோது, தெய்வானை தேயிலைச் சரிவில் ஏறி என்னை நோக்கி ஓடி வந்தாள். ஓடி வந்தாள்! நான் வழியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் மறுபடியும் இழுப்பு.

"வண்டிப் பயணம் ஒத்துக்கல" என்றேன்.

"அங்கேயும் மழைதாங்க, குளிருதாங்க. புறாதான் இல்ல" என்றாள் மீனாட்சி.

"என் புறா மேல பழி போடாத" என்று கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பிள்ளையின் கம்பளியை வெயிலில் உதறினேன். புறா இறகின் வெள்ளைத் தூசி பறந்தது. எனக்கே இருமல் வந்தது. அந்தத் தூசியைத்தான் அவள் மூன்று வருடமாக மூச்சில் இழுத்திருக்கிறாள். நான்தான் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

பெரகலயில் கடை வைத்திருந்த ஒருவரிடம் புறாக்களைக் கொடுத்தேன். கூண்டை வண்டியில் ஏற்றும்போது தெய்வானை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நான் இருமவே மாட்டேம்பா. அனுப்பாதீங்கப்பா" என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தெடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான காரியம் செய்ததில்லை.

அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மூச்சு சத்தமில்லாமல் வந்து போனது. அடுத்த ஐப்பசி மழையில் இரண்டு முறைதான் இழுப்பு வந்து படுத்தாள்.

இன்று அவள் வெலிமடையில் குடித்தனம் நடத்துகிறாள். இழுப்பு முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் இன்னும் வரும், வந்து போகும். அதை முருகன் ஏன் மிச்சம் வைத்தான் என்று நான் கேட்பதில்லை.

கஷ்டத்தில் இருப்பவர்களே, முருகனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், வீட்டில் இருப்பவர்கள் சொல்வதையும் கேளுங்கள். அவன் எனக்குச் சொன்ன பதில் என் மனைவியின் வாயிலிருந்து வந்தது. அதைத்தான் நான் கத்தி அடக்கப் பார்த்தேன். அதற்குப் பிறகும் அவன் என்னைக் கைவிடவில்லை.