மச்சான் பிடித்த கயிறு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சந்தோஷமான கதைதான், தொடக்கம் மட்டும் கொஞ்சம் கசக்கும்.

பங்களாதேஷ் சண்டை முடிந்த மறுமாதம் என் அண்ணன் தூத்துக்குடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேப்பருக்காகச் சண்டைச் செய்தி எழுதப் போனவர். எங்கள் குடும்பத்திலேயே காலேஜ் பார்த்தவர் அவர்தான். நான் பள்ளிக்கூட வாசலில் பனங்கிழங்கு தின்றதோடு சரி. வந்தவர் பேனாவைத் தொடவே இல்லை. கதவு படாரென்று அடித்தால் போதும், பாதி உடம்பு கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஆபீஸிலிருந்து தந்தி வந்தது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நான் ஒப்பாரியே வைத்துவிட்டேன்! அப்புறம்தான் தெரிந்தது, மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்பாவிட்டால் அண்ணனுக்கு வேலை இல்லையாம்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் மூழ்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலிமேல் அவனைவிட அக்கறை யாருக்கு? எப்போதும் பிடிக்கிற என் தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது. அதனால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் வள்ளம் திரும்பியபோது கரை முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்காரர் பையில் நாலே சங்கு.

"ஏளா, ஒன் அண்ணன் என்னைச் சங்கு எடுக்க விட்டாத்தானே! தரையில கால் படுததுக்குள்ள தூக்கிருதாரு. தூண்டில்ல மாட்டுன மீன் கணக்கா வாரேன்!"

"நீங்க கயித்த அசைச்ச மாதிரி இருந்துச்சு மாப்ள."

"நான் எங்க அசைச்சேன்? ஒங்க கைதான் ஆடுது மச்சான்."

மறுநாளும் அதே கூத்து. அன்றைக்கு நான் குழம்பு ஊற்றும்போது அண்ணன் தானாகவே பேசினார்.

"அங்கன ஒரு ஆத்துல, தண்ணிக்குள்ள இருந்து ஒருத்தன் என்னைப் பாத்துக் கை நீட்டுனான். நான் நோட்டுல எழுதிக்கிட்டே நின்னேன். எழுதி முடிச்சுப் பாக்கேன், கையக் காணும்."

வீட்டுக்காரர் தன் தட்டில் இருந்த மீன்தலையை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார்.

"நாளைக்கும் நீங்கதான் பிடிக்கணும் மச்சான். நான் கீழ இருந்து கயித்த ரெண்டு சுண்டு சுண்டுவேன். அப்பந்தான் தூக்கணும். முந்தித் தூக்குனா நாம எல்லாரும் பட்டினி."

மறுநாள் உச்சிவெயிலில் போய்க் கரையில் நின்றுகொண்டேன். கால் சுட்டது, செருப்பை மறந்திருந்தேன். வள்ளம் தெரிந்தது. வீட்டுக்காரர் எழுந்து நின்று பையைத் தூக்கிக் காட்டினார். பை முட்டச் சங்கு!

"ரெண்டு சுண்டு வார வரைக்கும் காத்திருந்தாருளா! ஒருதடவகூட முந்தல!"

அண்ணன் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்து கிடந்தது. நான் எண்ணெய் தடவப் போனால் கையை இழுத்துக்கொண்டார்.

"எண்ணெ அப்புறம். பேனா எங்க வச்சே?"

சண்டையில் ஜெயித்ததைப் பற்றி இல்லை, ஆற்றுத் தண்ணீரில் நீட்டிய அந்தக் கையைப் பற்றித்தான் எழுதினார். எழுத எழுத எனக்கு வாசித்தும் காட்டினார். விடியற்காலையில் வாசலில் வீட்டுக்காரர் சத்தம்.

"மச்சான், வாங்க! காத்து போவுது!"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு மாப்ள. நில்லும்!"

வள்ளம் நின்றது. காற்றைத் திட்டிக்கொண்டே எல்லாரும் காத்திருந்தார்கள். நான் சிரித்த சிரிப்பில், அவர்களுக்குக் கொண்டுபோன காப்பியில் பாதி மணலில் சிந்தியது.