மலர் இறங்கிய இடம்

பதின்வயதினருக்காக நான் எழுதிய தொடர்கதையில், அப்பாவோடு சண்டையிட்ட மலர் சேந்தமங்கலம் பேருந்தில் ஏறியதும் ‘தொடரும்’ போட்டிருந்தேன். அது வெளியான மறுநாள், அடிக்கடி பேசும் பள்ளி வாசகி ஒருத்தி கைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, சேந்தமங்கலத்துல எறங்குனதும் மலரு எங்க போவாளுங்க?”

“அடுத்த வாரம் படி,” என்று சிரித்தேன்.

“நா எறங்கிட்டனுங்க. எங்கப்பனோட சண்டைங்க.”

பின்னால் பேருந்தின் ஹாரன் அலறியது. அடுத்த அத்தியாயம் எனக்கே தெரியாது.

“மலரு எங்கயும் போகல சாமி. பஸ் ஸ்டாண்டுலயே, பூக்காரம்மா பக்கத்துல உக்காந்திருக்கா. அவளத் தேடி ஒரு அக்கா வாரா.”

ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டரை விரட்டினேன். வழியில் நிறுத்தி அழைத்தேன், எடுக்கவில்லை.

பூக்கூடைகளுக்கு நடுவே பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். “அப்பறமுங்க, அக்கா?” என்றாள்.

அவள் அப்பாவுக்குத் தகவல் சொல்லி, அவர் வரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பெண்ணையும் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் ‘தொடரும்’ போடுவதில்லை.