வாடியில் இரண்டு பெண்பிள்ளைகள்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருடம், டிசம்பர் விடுமுறையில் அப்பா எங்கள் இருவரையும் வாடிக்குக் கூட்டிப்போனார். எங்கள் வீடு சிலாபத்துக்குப் பக்கத்தில். தொழில் காலத்தில் எங்கள் ஊர் ஆண்கள் கற்பிட்டிக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் தென்னோலைக் கிடுகுக் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். அதைத்தான் வாடி என்போம். வளர்ந்த குமர்ப்பிள்ளைகளை அங்கே கொண்டுபோகும் வழக்கம் இல்லை. சித்தி வீட்டில் விடலாமென்றால் அங்கே வளர்ந்த பையன்கள் இருந்தார்கள். "கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார் அப்பா. எனக்குப் பதினேழு வயது, தங்கைக்குப் பன்னிரண்டு.

ஆனால் அப்பா விடியுமுன்பே கடலுக்குப் போய்விடுவார். பிறகு அவர் கண்ணுக்கு முன்னால் நாங்கள் எங்கே?

அன்றைக்குக் காலையிலேயே காற்று மாறிவிட்டது. நான் வெளியே மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். குடிசைக்குப் பின்னாலிருந்து தங்கை கூப்பிட்ட குரல் அவளுடைய குரல் போலவே இல்லை. போய்ப் பார்த்தேன். பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, ரெத்தம் வருது. நான் சாகப்போறனா?"

அவளுக்கு யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள், இருந்திருந்தால். எனக்கும் அந்த எண்ணம் வரவில்லை.

"இல்லடி, நீ பெரியபிள்ளையாயிட்டாய். எல்லாருக்கும் வாறதுதான்" என்றேன்.

எனக்கு வந்தபோது வீடு நிறைய ஆட்கள். மாமி தண்ணீர் வார்த்தாள். முற்றத்தில் பட்டாசு கொளுத்தினார்கள், ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் என்னை அறைக்குள் வைத்திருந்தார்கள். இங்கே அறையும் இல்லை, கதவும் இல்லை. வாசலில் ஒரு சாக்குத்தான் தொங்கியது. கிடுகு இடுக்கால், கரை வேலைக்கு நின்றுவிட்ட ஆண்களின் கால்கள் தெரிந்தன. ஊரில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்ன செய்தியை இங்கே ஒருவருக்கும் தெரியாமல் மறைக்க வேண்டியிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வயிற்றுக்குள் தானாகவே தெரிந்தது.

அவளை உள்ளே கூட்டிப்போய், என்னிடம் இருந்த துணியைக் கொடுத்து, பாயில் படுக்கவைத்தேன். கழுத்தில் அம்மாவின் செபமாலையைப் போட்டேன். தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டும் வைத்தேன். பேய் அண்டும் என்பதை நான் பாதிதான் நம்பினேன். அன்றைக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

மதியத்துக்கெல்லாம் படகுகள் கரைக்கு வந்துவிடும். அன்று வரவில்லை. கடல் வெள்ளையாக நுரைத்தது. அப்பா வராமலே போனால் இந்தத் திட்டில் நாங்கள் இருவர் மட்டும் என்ன செய்வோம் என்று நினைத்தபடி சாக்கு இடுக்கால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசல் சாக்கில் ஒரு நிழல் விழுந்தது. காய்ச்சலென்று கடலுக்குப் போகாமல் நின்றுவிட்ட வலைக்காரர் ஒருவர்.

"புள்ள, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா."

செம்பைச் சாக்குக்கு வெளியே நீட்டினேன். குடித்த பிறகும் அவர் போகவில்லை.

"எங்க சின்னவ? சத்தத்தையே காணம்."

"காய்ச்சல். படுத்திருக்கிறா."

"அப்பா வரப் பிந்தும் போல. காத்தப் பாத்தியா?"

காலையில் மீன் வெட்டிய கத்தி வாசலோரம் கிடந்தது. அதை எடுத்து இறுக்கிப் பிடித்தேன். உள்ளே தங்கை மூச்சுவிடும் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் கெட்டவரா, தாகத்துக்கு வந்தவர்தானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய காலடிச் சத்தம் தேயும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை.

பக்கத்து வாடியில் கருவாடு போடும் சிங்களப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தத் திட்டில் எங்களைத் தவிர வேறு பெண் அவள் மட்டும்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். தங்கையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "பயவெண்ட எப்பா, நங்கி" என்று என் தலையைத் தடவினாள். பயப்படாதே தங்கச்சி என்று அவள் சொன்னது என்னைப் பார்த்துத்தான். பிறகு, படகுகள் வரும்வரை எங்கள் வாசலில் உட்கார்ந்து வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயத்தான் அப்பாவின் படகு தெரிந்தது. நான் முழங்கால் தண்ணீர்வரை ஓடினேன். மற்ற ஆண்கள் மீனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் பேசும் பேச்சா அது? ஆனால் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

"என்ன, முகம் வெளிறிக்கிடக்கு?"

"அப்பா... தங்கச்சி பெரியபிள்ளையாயிட்டா."

அவர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். கடலில் அவ்வளவு நேரம் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர் முகத்தில் அப்போதுதான் பயத்தைக் கண்டேன்.

"ஆருக்கும் தெரியுமா?"

"பக்கத்து அக்காவுக்கு மட்டும்."

"சரி. விடிய உங்களக் கொண்டுபோய் வீட்டில விடுறன்." கடலைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மா வரும்வரைக்கும் அவளுக்கு நீதான். படிப்ப... பிறகு பாப்பம்."

நான் "ஓம்" என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள், தலையோடு போர்வை போர்த்த தங்கையை அணைத்தபடி கற்பிட்டித் துறையில் இறங்கினேன். பார்த்த ஆண்கள் ஒவ்வொருவரையும் அளந்து பார்த்தேன். அந்தப் பார்வையை அதற்குமுன் அம்மாவிடம் கண்டிருக்கிறேன்.

நான் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா வந்தபோது தங்கை அவளைவிட உயர்ந்திருந்தாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்று அம்மா என்னிடம் கேட்டாள். விருந்தாளி கேட்பதுபோல், தயங்கித் தயங்கி.