நான் தைத்துக் கொடுத்த பி.ஏ.

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. ஆம்பூரில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கப்புறம் தமிழில் எழுதினதெல்லாம் அண்ணனுக்குப் போட்ட கடுதாசிதான். பெயர்கள் மறந்துபோகின்றன, எது முந்தி எது பிந்தி என்பதும் குழம்புகிறது. நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாததால்தான் இந்த வயதில் எழுத உட்கார்ந்தேன். யுத்த காலம், வெள்ளைத் தாள் கிடைப்பதில்லை. வீட்டில் கிடந்த பழைய தாள்களின் முதுகில் எழுதியிருக்கிறேன். மறுபக்கத்தில் இங்கிலீஷ் இருக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் இந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

கல்யாணமாகி பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்த மறுநாள் காலையில் வாசல் பெருக்கப் போனேன். ஒரே பனி. சந்துக்குள் ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தார். மேலே கம்பளிக் கோட்டு, கீழே வேட்டி, கழுத்தைச் சுற்றி மப்ளர். கையில் மூடின நோட்டு, கண் வானத்தில், வாயில் ஓயாத இங்கிலீஷ். சந்தின் இந்த முனைக்கு வருவார், திரும்பி அந்த முனைக்குப் போவார். எதிரே எருமை வந்தது. எருமைக்கு வழிவிட்டு, எருமையிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஆம்பூரில் ஒருவன் தனியாகப் பேசிக்கொண்டு நடந்தால் அவன் அம்மாவுக்கு ஆள் அனுப்புவோம். பால் கொண்டுவந்த கன்னடக்கார அம்மாளிடம், அவருக்கு என்ன என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவள் மரியாதையாகக் குரலை இறக்கி, "ஓதுத்தாரெ" என்றாள். நம்ம பக்கத்தில் ஓதுவது என்றால் மந்திரம் ஓதுவது. யாருக்கோ பேயோட்டுகிறார் என்று நினைத்து ஜெபம் பண்ணிக்கொண்டே உள்ளே ஓடிவிட்டேன். மாமியார் சிரித்துவிட்டுச் சொன்னார்கள்: கன்னடத்தில் ஓதுவதென்றால் படிப்பதாம். அவர் பி.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறாராம். இப்போது யோசித்தால், நான் முதலில் புரிந்துகொண்டதில் பெரிய தப்பு இல்லை.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரும் கோட்டு மாட்டிக்கொண்டு அதே சந்தில் இறங்கினார். அவர் எடுத்திருந்தது இங்கிலீஷ் லிட்டரேச்சர். அதைச் சொல்லும்போது சர்ச்சிலே பாதிரியார் ஆசீர்வாதம் சொல்லுகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். இங்கிலீஷ்காரர்களுடைய கதையும் நாடகமும் பாட்டுமாம். எனக்குக் கதை என்றால் உயிர். ஒருநாள் கூச்சத்தை விட்டு, அந்த நாடகத்துக் கதையை எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று கேட்டேன். "கதை பரீட்சைக்கு வராது" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கும் கதை தெரியாது. கதையைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியும்.

எங்கள் ஆம்பூர் பள்ளிக்கூடத்தில் ஞானம் டீச்சர் என்று ஒருத்தர். பாடம் முடிந்ததும், "புஸ்தகத்தை மூடு, இப்ப உன் வாயால சொல்லு" என்பார். வரி பிசகாமல் ஒப்பித்தால் காதைத் திருகுவார். "இது புஸ்தகத்தோட வாய். உன் வாய் எங்க போச்சு?" நான் எதிர்த்துக் கேள்வி கேட்கிற பிள்ளை, ஆனாலும் என்னை அவருக்குப் பிடிக்கும். அந்த நாலாம் வகுப்பில் காதைத் திருகியதற்கு, இந்த பி.ஏ.வில் மாலை போட்டார்கள்.

என் வீட்டுக்காரர் படித்த காலேஜில் முன்னே ஒரு வெள்ளைக்கார ப்ரொபசர் இருந்தாராம். அவர் வகுப்பில் சொல்லச் சொல்லப் பையன்கள் எழுதிக்கொள்வார்கள். அவர் கப்பலேறிப் போன பிறகு அந்த நோட்ஸ்தான் மிச்சம். வேதபுஸ்தகத்தையாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறப்பார்கள், இதை எல்லா நாளும் திறந்தார்கள். மேல்வகுப்பில் படித்த ஒருவரிடமிருந்து என் வீட்டுக்காரர் அதை ஒரு வாரத் தவணையில் வாங்கி வந்தார். எல்லாம் தனித்தனித் தாள், மூலையில் நூல் போட்டுத் தைத்தது. இரண்டு பக்கம் எழுதுவதற்குள் அவருக்கு விரல் வலித்தது. நான் அண்ணனுக்கு எழுதிவைத்திருந்த கடுதாசியைப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. மிச்சத்தை என்னை எழுதச் சொல்லிவிட்டார்.

எனக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டேன். இரவல் தாள் எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில்தான் என் தாளும் முடியும். போடப் போட இரண்டு விஷயம் பிடிபட்டது: வாக்கியம் முடிந்தால் புள்ளி, புள்ளிக்கு அப்புறம் பெரிய எழுத்து. ஐந்தாம் நாள் மத்தியானம் மழைக்காற்று அடித்தது. இற்றுப்போன நூல் அறுந்து, தாள்கள் அடுப்படி முழுக்கப் பறந்தன. பக்க எண் கிடையாது. பொறுக்கி எடுத்து, புள்ளியில் முடிந்த தாளுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் தொடங்குகிற தாள் என்று வைத்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் நாலு தாள் நின்றது. இரண்டு தாள் புள்ளியில்லாமல் முடிந்தன. இரண்டு தாள் சின்ன எழுத்தில் தொடங்கின. எது எதோடு சேரும்? வீட்டுக்காரர் அடுத்த அறையில்தான் இருந்தார். கேட்டிருக்கலாம். அவர் ஏறெடுத்துப் பார்க்கிற பார்வையை நினைத்துக்கொண்டு கேட்கவில்லை. மசியின் கறுப்பு ஒத்துப்போனதை ஒன்றாகச் சேர்த்தேன். இரவல் தாளையும் என் தாளையும் ஒரே வரிசையில் அடுக்கி, தனித்தனிக் கட்டாக வெள்ளை நூலால் இறுக்கித் தைத்துவிட்டேன்.

அவர் அதை உருப்போட்டார், பாஸானார். பிறகு கண்டோன்மெண்டில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் லெக்சரர் ஆனார். இருபது வருஷம் அதே நோட்ஸை வகுப்பில் சொல்லி எழுதவைத்தார். அதை எழுதினவர்கள் லெக்சரர் ஆகி மற்ற ஊர்களில் சொல்லி எழுதவைத்தார்கள். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, ஒரே பெண் முதலில் இப்படியும் பிறகு அப்படியும் எப்படி இருப்பாள் என்று கேட்டானாம். "அதுதான் மகாகவியின் மேதை" என்று இவர் பதில் சொன்னாராம். சாப்பிடும்போது எங்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி ஆனந்தப்பட்டார். அதையே பெரிதாக்கி, ஒரு பெண்ணுக்குள் இரண்டு பெண்கள் என்று ஒரு சங்கத்தில் பிரசங்கமும் பண்ணினார். சாமந்தி மாலையோடு திரும்பி வந்தார். எதற்கு மாலை என்று தெரியாமலே நான் அதை வாங்கித் தண்ணீர்ப் பானைமேல் போட்டேன்.

எங்கள் ஒரே மகள் லில்லியும் அதே இங்கிலீஷ் லிட்டரேச்சரில் சேர்ந்தாள். ஆனால் அவளுக்கு என் புத்தி. லைப்ரரியிலிருந்து நாடகத்தையே கொண்டுவந்து படித்தாள். மொச்சைக் காலத்தில் ஒருநாள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஊறின கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, அப்பா நோட்ஸ்ல ஒரு வேடிக்கை" என்று ஆரம்பித்தாள். அதில் பெயர் பெற்ற ஒரு விடை இருக்கிறதாம். முன்பாதியில் வருகிறவள் ஒரு ராஜா மகள், சொந்த மண்ணை விட்டு நகராதவள், யாராக இருந்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள். பின்பாதியில் அவளே வியாபாரி பெண்டாட்டியாகிக் கப்பலேறி அந்நிய ஊருக்குப் போய், வாயே திறக்காமல் இருக்கிறாளாம். "ரெண்டும் வேற வேற நாடகம்மா. தலை ஒருத்தி, உடம்பு ஒருத்தி. இத்தனை வருஷமா ஒருத்தரும் பாக்கல."

என் கை நின்றுவிட்டது. மழைக்காற்று, அறுந்த நூல், புள்ளியில்லாத தாள் எல்லாவற்றையும் சொன்னேன். லில்லி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வி வராத பரீட்சையே கிடையாதாம். நோட்ஸில் உள்ளதை எழுதினால் தெரிந்தே பொய் எழுதினதாகும், தானாக எழுதினால் மார்க் போடுகிறவர் அந்த நோட்ஸில் படித்தவராகவே இருப்பார். "நீயே அப்பாகிட்ட சொல்லும்மா. அவர் திருத்திச் சொன்னா எல்லாரும் திருத்திக்குவாங்க. நான் என் வாயால எழுதலாம்."

மறுநாள் காலையில் அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். அன்று கதை கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டதற்கப்புறம் நானாக ஒரு பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"நீயா? அத மாத்தி அடுக்கறதுக்கும் கொஞ்சம் படிச்சிருக்கணும்டி" என்றார். காபியைக் குடித்து முடித்தார்.

அதோடு விட்டிருந்தால் அறியாமை என்று நானும் விட்டிருப்பேன். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு கதவிடுக்கில் பார்த்தேன். பீரோவைத் திறந்து நோட்ஸை எடுத்தார். ஒரு தாளின் கடைசி வரியை வாயசைத்துப் படித்தார். நாலு தாள் தள்ளி, இன்னொன்றின் முதல் வரியைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு தாள்களை இருந்தபடியே தட்டிச் சேர்த்து, தலைப்பாகையை வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போனார். அந்த வருஷமும் அதையேதான் சொல்லி எழுதவைத்தார்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. லில்லி தன் வாயால் எழுதினாள். அந்தப் பேப்பரில் அவள் பெயில். "அம்மா பேச்சக் கேட்டா இப்படித்தான்" என்றார் அவர், சாந்தமாக. மறுபரீட்சையில் லில்லி தலை ஒருத்தி உடம்பு ஒருத்தியை ஒரு சொல் விடாமல் எழுதிவைத்தாள். பாஸானாள். கறுப்புக் கவுன் போட்டு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். படத்தில் அவள் சிரிக்கவில்லை. பட்டதாரிகள் சிரிக்கக் கூடாதாக்கும் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. கல்லறைக் கல்லில் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று வெட்டியிருக்கிறது. பூ வைக்கப் போகும்போதெல்லாம் என் தையல் கல்லில் ஏறிவிட்டதே என்று நினைத்துக்கொள்வேன். அவரைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. லில்லி விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. அவள் இப்போது ஒரு பெண்கள் காலேஜில் அதே பாடம் நடத்துகிறாள். போன மாதம் இந்த நோட்ஸ் கட்டைக் கொண்டுவந்து, டைப் அடித்து வைத்துக்கொண்டேன், இது உனக்கு அடுப்பெரிக்க ஆகும் என்று கொடுத்தாள். அந்த விடையையும் அப்படியே டைப் அடித்தாயா என்று கேட்டேன்.

"புள்ளைங்க பாஸாகணும்லம்மா" என்றாள்.

அவள் அப்பா காபி குடித்த அதே முகம். ஞானம் டீச்சர் இருந்தால் அவள் காதையும் திருகச் சொல்லியிருப்பேன். அவர் இல்லாத குறைக்கு, அடுப்பில் போடாமல் இதன் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.

ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போனால், பெங்களூர்க்காரி பாதிக் கன்னடம் பேசுகிறாள் என்று சிரிக்கிறார்கள். இங்கே பால் கொண்டுவருகிற அம்மாளின் மருமகள், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், "நிம்மூரு யாவுது?" என்று என்னை எந்த ஊர் என்று கேட்கிறாள். டீச்சரை எதிர்த்துக் கேள்வி கேட்ட பிள்ளை ஒரு தாள், ஜோகுபாளையத்தில் வாய் திறக்காமல் இருந்தவள் ஒரு தாள் என்று சில சமயம் எனக்குள்ளே ஓடும். உடனே விரட்டிவிடுவேன். விட்டால் நானும் அவர் மாதிரி பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவேன்.

மறுபக்கத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். இப்போது பார்க்கச் சொல்கிறேன். அவர் எழுதின முதல் இரண்டு தாளை விட்டால், இரண்டு பக்கமும் என் கையெழுத்துதான். அந்தப் பக்கம் எனக்குப் படிக்க வராது. இந்தப் பக்கம் என் மகளுக்குப் படிக்க வராது, தமிழ் அவளுக்குப் பேச்சோடு சரி. வெள்ளை நூலை அறுக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது நூலை அறுத்து, அந்த ராஜா மகளின் மீதிப் பாதி எந்தத் தாளில் இருக்கிறது என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். அவள் தன் ஊரிலேயே இருந்து கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.