யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியல்

அந்தப் பட்டியலை எடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் பலரையும் திட்டப்போகிறேன். திட்டுவதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்க வேண்டாம். அது எனக்கே தெரியும்.

காளிகாட் மெட்ரோவில் இறங்கி, கோவிலுக்குப் போகும் கூட்டத்தை விட்டு விலகி நடந்தால், பூக்கடைக்கும் பித்தளைப் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒரு மாடிப்படி வரும். மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் சங்கத்தின் தமிழ் நூலகம். நான் வேலை பார்ப்பது நியூ டவுனில். எங்கோ இருக்கிற ஒரு கடையில் எந்தச் சட்டை விற்கவில்லை, எதைத் தூக்கிப் போடலாம் என்று கம்ப்யூட்டரைக் கேட்டு வாரத்தில் ஐந்து நாள் சொல்வதுதான் என் பிழைப்பு. ஆறாவது நாள் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி நூலகத்துக்கு வந்துவிடுவேன். கோவில்பட்டியிலிருந்து இந்த வங்காள ஊருக்கு வந்த புதிதில் தமிழ் கேட்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் இங்கத்து வழக்கப்படி தீதி, அதாவது அக்கா, என்பார்கள். தமிழ்ப் பெண்தான். அப்பா ரயில்வேயில் இருந்ததால் கரக்பூர் காலனியில் பிறந்து, வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அப்படியும் எந்த நாவலில் எந்த அத்தியாயத்தில் யார் சாகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். திருப்பித் தருகிறவர்கள் கதையைச் சொன்னால்தான் அடுத்த புத்தகம் தருவார். அப்படிக் கேட்டுக் கேட்டே இருபது வருடம் ஓட்டியிருக்கிறார். வீட்டுச் சாவியோடு நூலகச் சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்.

கணினிமயமாக்க வேண்டும் என்று ஒருநாள் சங்கத்தின் கமிட்டிக்கு ஞானம் வந்தது. டை கட்டிய ஒருவர் வந்து, வருடா வருடம் சந்தா கட்டவேண்டிய ஒரு மென்பொருளைக் காட்டினார். அதில் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உலகம் முழுக்க நூலகங்களுக்கென்றே ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. என் பழைய லேப்டாப்பே போதும், நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

செயலாளர் அலிப்பூரில் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நூலகத்திலிருந்து அவர் ஒரு புத்தகம் எடுத்து நான் பார்த்ததில்லை. கோப்பு மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும் அவருக்கு. "சும்மா கிடைக்கிற சாமானுக்கு யாரும்மா பொறுப்பு?" என்று கேட்டார்.

"நாமதான் சார் பொறுப்பு. அதுதான் இதுல விசேஷமே" என்றேன். கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கு மகுடம் சூட்டிய மாதிரி இருந்தது.

ஒரு வருடம் எல்லாச் சனிக்கிழமைகளையும் அதற்கே கொடுத்தேன். தீதி ஒவ்வொரு புத்தகமாகத் தூசி தட்டித் தருவார், நான் தலைப்பைத் தட்டச்சு செய்வேன். அது முடிந்ததும் கடந்த ஐந்து வருட இரவல் நோட்டுகளை எடுத்து, யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார்கள் என்பதையும் ஏற்றினேன். அப்படிச் செய்துகொண்டிருந்தபோதுதான் தீதி சொன்னார்:

"பூஜை மூட்டை இந்த நோட்டுல இல்ல, தெரியுமா?"

பூஜை மூட்டை என்பது இங்கே மட்டும் உள்ள வழக்கம். துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லாக் குடும்பங்களும் பையோடு வரும். வீட்டுக்குப் பத்து, பதினைந்து என்று தீதி பொறுக்கி அடுக்கி, பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிக் கொடுப்பார். பச்சைக் கரை டாலிகஞ்ச் வீடு, மாம்பழக் கலர் பெஹாலா வீடு என்று அவருக்கு ஒரு கணக்கு. கூட்டம் படியில் நிற்கும்போது யார் நோட்டில் எழுதுவது? மூட்டை பிறகு வீடு வீடாக மாறும். ஒரு வீட்டில் படித்து முடித்தால் அடுத்த வீட்டு மூட்டையோடு மாற்றிக்கொள்வார்கள். சரஸ்வதி பூஜை இங்கே தை, மாசி வாக்கில் வரும். அதற்குள் எல்லா மூட்டையும் திரும்பிவிட வேண்டும், அன்றைக்குப் புத்தகங்கள் தேவி முன்னால் இருக்க வேண்டும் என்பது தீதியின் சட்டம். வருடத்தில் நாலு மாதம் நூலகத்தின் பாதி அந்த மூட்டைகளில்தான் ஊர் சுற்றியது.

இத்தனையும் எனக்குத் தெரியும். நானே இரண்டு முறை மூட்டை வாங்கியிருக்கிறேன். தீதி அப்படிச் சொன்னபோது நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "பரவாயில்ல தீதி, அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த அப்புறம் வரவேயில்லை. 'பூஜை மூட்டை' என்று ஒரு வகையைச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. அந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான்கள் அதற்கெல்லாம் இடம் வைத்திருந்தார்கள். ஊர் பேர் தெரியாத யாரோ செய்துவிட்டுப் போன வேலையில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாயால் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத என்னிடம்தான் குறை.

மார்கழியில் கமிட்டிக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். தேடினேன், இரவல் கொடுத்தேன். கைதட்டல் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது போல. என் ஆபீஸ் புத்தி வேலை செய்தது. "இன்னொண்ணு பாருங்க சார், அஞ்சு வருஷமா யாருமே எடுக்காத புத்தகம் எதெதுன்னு ஒரே நொடியில சொல்லும்" என்று ஒரு பட்டனைத் தட்டினேன். நானூற்றுச் சொச்சம் தலைப்புகள் வரிசையாக விழுந்தன. செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதை அச்செடுக்க முடியுமா என்றார். எடுத்துக் கொடுத்தேன், ஸ்டேப்ளரும் நானே அடித்தேன். தீதி அன்று எல்லோருக்கும் மண் குவளையில் டீ வாங்கி வரப் போயிருந்தார்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து படியேறினால் உள் அறையில் மூன்று அலமாரிகள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு மேஜையும் நாற்காலிகளும் சுவரில் 'டிஜிட்டல் மையம்' என்று ஒரு பலகையும் இருந்தன. தீதியும் இல்லை. அவருடைய நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்து என் அச்சுப் பிரதியில் சிவப்பு மையால் டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று அவரே பெருமையாகச் சொன்னார். இடம் போதவில்லை, யாரும் தொடாத புத்தகங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கமிட்டி என் பட்டியலை அப்படியே தீர்மானமாகப் போட்டுவிட்டது. பழைய பேப்பர்காரரின் பலகை வைத்த வேன் ரிக்‌ஷாவில் இரண்டு நடை போயாகிவிட்டது. போனவை எவை தெரியுமா? பூஜை முடிந்ததும் மூட்டையை ஒழுங்காகத் திருப்பித் தந்த நல்ல மனிதர்களின் புத்தகங்கள். சீக்கிரம் படித்து, அட்டை போட்டு, பத்திரமாகத் தந்தவர்களுக்கு நாங்கள் செய்த மரியாதை அது.

ஆனால் பட்டியலில் இருந்த அறுபத்து மூன்று புத்தகங்களை மட்டும் அலமாரியில் காணோம். யாருமே எடுக்காத புத்தகம் எப்படிக் காணாமல் போகும் என்று கேட்டு, தீதியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இருபது வருடம் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியவரை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூலகச் சாவியை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். இதைச் செயலாளர் ஏதோ ஒரு கோப்பை முடித்த மாதிரி சொன்னார்.

நான் கத்தினேன். அந்தப் பட்டியல் தப்பு, அந்த அறுபத்து மூன்றும் மூட்டையில் வீடுகளில் இருக்கின்றன, பட்டியலில் மற்றதையும் ஜனங்கள் வருடா வருடம் படித்தவைதான், நோட்டில் இல்லை என்றால் படிக்கவில்லை என்று அர்த்தமா என்று என்னென்னவோ சொன்னேன். கீழே பூக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோபப்படாதவர்கள்மேல் எனக்கு வருகிற கோபம் தனி. பதிவு இல்லாத மூட்டைக்கு ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது என்று கேட்டார். தீர்மானம் போட்டதை மாற்ற முடியாது என்றார். பிறகு, எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னார்:

"எங்க இருந்தாலும் கொண்டுவரச் சொல்லும்மா. திங்கக்கிழமை வேன் இன்னொரு நடை வருது, அதுல போகட்டும். அவங்கமேல தப்பில்லன்னு நானே எழுதித் தரேன். நீதான சொன்ன, நாமதான் பொறுப்புன்னு."

என் காதில் விழுந்தது கடைசி இரண்டு வாக்கியம்தான். தீதியின் பேரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதற்குமேல் யோசிக்காமல் அப்படியே அவர் வீட்டுக்கு நடந்தேன். இரண்டு சந்து தள்ளி, குழாயடிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. கதவைத் திறந்ததுமே தெரிந்தது. கட்டில்மேல் மூட்டைகள், பச்சைக் கரை, மாம்பழக் கலர் கரை, இன்னும் நாலைந்து. சரஸ்வதி பூஜை நெருங்கிவிட்டதால் நூலகத்துக்குப் போனவர்கள், தீதி இல்லை என்றதும் மூட்டையை மேஜையில் வைக்க மனமில்லாமல் இங்கே கொண்டுவந்து தந்திருக்கிறார்கள்.

"தீதி, எல்லாம் இங்கதான் இருக்கு! வாங்க, இப்பவே எடுத்துட்டுப் போகலாம். உங்கமேல தப்பில்லன்னு எழுதித் தரேங்கறாரு" என்று ஒரு மூட்டையைத் தூக்கியே விட்டேன்.

தீதி அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்பக் கட்டில்மேல் வைத்தார். உட்கார் என்றார். ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டார்.

"கொண்டுபோனா திங்கக்கிழமை வண்டில போட்ருவாங்க. உன் லிஸ்ட்ல இருக்கே மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, நீ கம்ப்யூட்டரில் அடிக்கிறபோது நோட்டில் பூஜை மூட்டை இல்லை என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றேன். சரி, டீ குடி என்றார்.

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு. தொலைஞ்ச புக்க யாரும் கடைக்குப் போட முடியாதுல்ல?"

"உங்க பேரு கெடுமே தீதி" என்றேன். பேர் கெட்டால் நாலு பேர் பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும், பெஹாலா பௌதி, அந்த வீட்டு அண்ணி, அடுத்த பூஜைக்கு என்ன படிப்பாள் என்றார். பிறகு சமையல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. கழுவ இரண்டே குவளைதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் செயலாளரிடம் பொய் சொன்னேன். தேடிப் பார்த்தேன், இல்லை, தொலைந்துவிட்டன. அவர் நான் நினைத்தேனே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். கணக்கு நேராக இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றிவிடு என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

மென்பொருளில் அதற்கும் இடம் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து நிலை என்ற கட்டத்தில் 'தொலைந்தது' என்று மாற்ற வேண்டும். கீழே காரணம் எழுத ஒரு கட்டம். நான் அதைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. காரணம் போடாமல் எந்தக் கோப்பையும் மூட முடியாது என்று சொல்லி, நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்: நூலகப் பொறுப்பாளரின் கவனக்குறைவு.

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி வரும். ஆகவே அறுபத்து மூன்று முறை, ஒன்றைக்கூட நகலெடுத்து ஒட்டாமல், ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல், நாவல், சமையல் புத்தகம், நாவல். ஒவ்வொன்றுக்கும் அடியில், பதிவு செய்தவர் என்ற கட்டத்தில், யாரும் சொல்லாமலே அந்த மென்பொருள் என் பெயரைச் சரியாகப் போட்டுக்கொண்டே வந்தது.