மதாம் வாசித்த ஏழு பேர்

மதாம் போயிட்டாங்க. இன்னிக்கு விடிகாலையில, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுல, தூக்கத்துலயே. வயசு எண்பத்தேழு.

பிரான்ஸ்காரம்மா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்த நம்ம பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கிட்டு, அவர் ரிட்டயர் ஆனதும் பெங்களூர் வந்து செட்டில் ஆனவங்க. தமிழ் நல்லாவே பேசுவாங்க... என்னைவிட மரியாதையா.

நான் ஃபேன் ரிப்பேருக்குப் போன எலெக்ட்ரீஷியன். ஒன்பதாவது ஃபெயில். என்னைப் போய் "மிஸ்யே குமார்"னு கூப்பிடுவாங்க. நம்ம 'சார்' மாதிரி. வீட்டுல பெருமையா சொன்னேன். "மிஸ்யே, குப்பைய கொட்டிட்டு வாங்க"ன்னா என் சம்சாரம்.

அன்னிக்கு ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும், "அஞ்சு நிமிஷம் இருக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க.

அவங்க ஊர்ல மொத்தம் அறுபது வீடு, ஒரு சர்ச், சுத்தி கோதுமை வயல். ரெண்டாம் உலக யுத்தம் முடியப்போற நேரத்துல ஜெர்மன் சோல்ஜர்ஸ் வந்து, ஏழு ஆம்பளைங்கள சர்ச் சுவரோரமா நிக்க வெச்சு சுட்டுட்டாங்க.

அதுல ஒருத்தர் மதாமோட அப்பா. இவங்களுக்கு அப்போ ஆறு வயசு.

வருஷாவருஷம் ஆகஸ்ட்ல அந்த நாள் ஊரே சுவர்கிட்ட கூடுமாம். ஒருத்தர் பேர் வாசிக்கணும், மத்தவங்க பதில் சொல்லணும். இங்க வந்தப்புறம் வீட்டுக்காரர் பதில் சொன்னார். அவரும் போயிட்டார். நான் ஃபேன் மாட்டப் போனதும் அதே நாள்தான்.

"தனியா வாசிக்க முடியல, மிஸ்யே."

முதல் பேர் வாசிச்சாங்க. என்ன பதில்னு கேட்டுக்கணும்னு எனக்குத் தோணல. கவர்மென்ட் ஸ்கூல் பழக்கத்துல விறைப்பா நின்னு, "உள்ளேன் ஐயா"ன்னுட்டேன்.

சிரிச்சாங்க. அப்புறம் கண்ணத் துடைச்சாங்க. "இறந்தார்னு சொல்லணும்... பரவால்ல, உங்களதே இருக்கட்டும்."

ஒன்பது வருஷம் சொன்னேன். ஏழு பேருக்கும்.

என் பொண்ணு காலேஜ்ல பிரெஞ்சு எடுத்தப்போ, எனக்கும் தெரியும்டின்னு அலட்டினேன். தெரிஞ்சதெல்லாம் அந்த ஏழு பேர்தான்.

இந்த ஆகஸ்ட்லயும் போன் பண்ணினாங்க. "எலெக்ட்ரானிக் சிட்டியில வயரிங் வேலை மதாம், அடுத்த வாரம் வர்றேன்"னேன்.

"மழை நாள், மிஸ்யே. கரண்ட்ல பார்த்து கை வைங்க"ன்னாங்க.

அடுத்த வாரம் போகல. அதுக்கடுத்த வாரமும்...

இன்னிக்கு அவங்கள பார்த்துக்கிட்ட ஸ்டெல்லா சொல்லுது: "நீங்க வராத அன்னிக்கு, இருட்டுற வரைக்கும் பேர் எழுதின பேப்பர கையில வெச்சிட்டு உக்காந்திருந்தாங்கண்ணா. நான் பதில் சொல்லவான்னு கேட்டேன். வேணாம், அவர் வேலை முடிஞ்சு வருவார்னாங்க. வாசிக்கவே இல்ல."

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அடக்கம். தெரிஞ்சவங்க வாங்க. அவங்களுக்குன்னு இங்க ரொம்பப் பேர் இல்ல.

மதாம்... அன்னிக்கு எனக்கு வேலையே இல்ல. வீட்டுல உக்காந்து மேட்ச் பார்த்துட்டிருந்தேன்.

போயிட்டு வாங்க.