எங்கள் டெக்கில் ஓடிய அப்பா

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அமெரிக்காவுக்குச் சமையல் வேலைக்குப் போன அப்பா, அங்கேயே இறந்துபோனார். அதற்கு முன் அவர் அனுப்பியிருந்த ஒரு வீடியோ கேசட்தான் எனக்கு அப்பா. குமுளியில் எங்கள் வீட்டு டெக்கில் போட்டால் நிறமில்லாமல், படம் மேலும் கீழும் உருள, கனத்த குரலில் இழுத்து இழுத்துப் பேசுவார். அம்மா மட்டும் ஏலக்காய் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். "அது அவரே இல்லடி" என்பாள். ஆசையில்லாதவள் என்று நினைத்தேன்.

போன மாதம், கேசட்டைக் கணினியில் ஏற்றித் தரும் கடைக்கு அவளையும் வம்படியாகக் கூட்டிப்போனேன்.

"இது அமெரிக்கா டேப்புக்கா," என்றார் கடைக்காரர். "அவுங்க டிவி முறை வேற. நம்ம டெக்குல போட்டா கலர் போயிரும், வேகம் குறைஞ்சு குரலும் தடிச்சிரும். என்கிட்ட ரெண்டும் ஓடுற டெக்கு இருக்கு, பாருங்க."

திரையில் மஞ்சள் சட்டையோடு ஒருவர் வந்தார். மெல்லிய குரல், அவசரப் பேச்சு. "ஏய், பிள்ளைக்குக் காட்டுறியா? நான்தாம்மா அப்பா!"

அம்மா எழுந்துபோய்த் திரையைத் தொட்டாள். "இந்தா, வந்துட்டாருடி! எப்பவும் கால்ல வெந்நியக் கொட்டுன மாதிரிதான் பேசுவாரு." சிரித்தாள், அழுதாள்.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. அந்த மஞ்சள் சட்டைக்காரரை எனக்குத் தெரியாது. என்னோடு இருந்தது உருளும் அந்தச் சாம்பல் முகமும் இழுத்துப் பேசும் குரலும்தான். என் அப்பா அன்றுதான் இறந்தார். அதை யாரிடம் சொல்வது? அம்மாவுக்கு அன்றுதான் அவர் திரும்பி வந்திருந்தார்.